ஆதனுக்கு ஆதார் இல்லை

கீழடிப் பானை ஓட்டில் ஆதன் என்று ஒருத்தன் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறான். அடுத்த வீட்டுக்காரி பானையை மாற்றி எடுத்துப் போய்விடக் கூடாதே என்ற கவலையாக இருக்கும். பானை பத்திரமாகத்தான் இருந்தது. பெயர்தான் இப்போது டெல்லியில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஆதனை ஜன்னல் முன்னால் நிறுத்தி விசாரணை நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

“ஆதார் இருக்கா?”

“ஓடு இருக்குங்க, ஐயா. தமிழி எழுத்து.”

“ஓடெல்லாம் செல்லாது. முகவரி?”

“வைகைக் கரை. பள்ளிச்சந்தைத் திடல், தென்னந்தோப்பு.”

“கோயில் உண்டா? சாமி சிலை?”

“உறைகிணறு இருக்கு. தக்களி இருக்கு. பகடைக்காய்கூட இருக்கு. சிலை மட்டும் கிடைக்கலைங்க.”

“சூதாடினியா? சாமி இல்லாம ஒரு ஊரா? சரி, எந்தக் காலம்?”

இங்கேதான் ஆதன் மாட்டிக்கொள்கிறான். 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரியை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள், கி.மு. 580 என்று வந்தது. கீழடியில் முதலில் தோண்டிய தொல்லியலாளர் அமர்நாத் ராமகிருஷ்ணா தமது அறிக்கையில் தொடக்கக் கட்டத்தைக் கி.மு. எட்டாம் நூற்றாண்டு வரை கொண்டுபோனார். இந்தியத் தொல்லியல் துறை என்ன சொன்னது தெரியுமா? எட்டாம் நூற்றாண்டு ரொம்ப முந்தியதாகத் தெரிகிறது, அதிகபட்சம் கி.மு. 300க்கு முன் எங்கேயாவது இருக்கலாம் என்றது. கத்தரிக்காய்க் கடையில்கூட இவ்வளவு தாராளமாகப் பேரம் பேச மாட்டார்கள்.

2015இல் தோண்ட ஆரம்பித்த அமர்நாத்தை 2017இல் அசாமுக்கு அனுப்பினார்கள். அவருக்குப் பின் வந்தவர் மூன்றாம் கட்டத்தைத் தோண்டிப் பார்த்துவிட்டு, கட்டடத் தொடர்ச்சியைக் காணோம் என்றார். அடுத்த ஆண்டு மாநிலத் தொல்லியல் துறை இறங்கியது. 5,800க்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. மண்ணுக்கும் ஆள் பார்த்துக் கொடுக்கத் தெரிகிறது! 2023 ஜனவரியில் அமர்நாத்தின் 982 பக்க அறிக்கை டெல்லிக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் அதன்மேல் உட்கார்ந்திருந்துவிட்டு, 2025 மே மாதம் திருத்தி எழுதச் சொல்லித் திருப்பினார்கள். மாட்டேன் என்றார் அமர்நாத். ஜூனில் நொய்டாவுக்கு மாற்றல். பதிலுக்குப் பதில் சொல்லத் தெரியாத அலுவலகத்துக்கு மாற்றல் உத்தரவு ஒன்றுதான் தட்டுத் தடங்கல் இல்லாமல் எழுத வருகிறது.

அறிவியல் சான்று போதாதாம். போகட்டும், நல்ல கொள்கைதான். சரஸ்வதி நதிக்கென்று ஹரியானா அரசு தனியாக ஒரு வாரியமே வைத்திருக்கிறதே, அந்தப் பக்கம் இந்தக் கொள்கை ஏன் எட்டிப் பார்ப்பதில்லை?

நாமும் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை. மதுரையைச் சுற்றிச் சமணப் படுக்கைகள் இருந்த மலைகளின் பக்கத்திலேயே கிரானைட்டுக்காக மலை மலையாக அறுத்து விற்றதை வேடிக்கை பார்த்தவர்கள் நாம். வைகை மணலை லாரி லாரியாக அள்ளவும் விட்டோம். இப்போது அருங்காட்சியக வாசலில் நின்று செல்பி எடுத்துக்கொண்டு, உலகத்துக்கே நாகரிகம் கற்றுக்கொடுத்தோம் என்று மீசையை முறுக்குகிறோம். மேடையில் முழங்குகிறவர்களில் எத்தனை பேர் ஒரு குழிக்குள் எட்டிப் பார்த்திருப்பார்கள்?

ஆதிச்சநல்லூர்க்காரனைக் கேளுங்கள், இன்னும் கதை சொல்வான். 1876இல் ஜெர்மனிக்காரர் ஜாகர் தோண்டி பெர்லினுக்கு அள்ளிக்கொண்டு போனார். 2004இல் நம் மத்தியத் துறையே தோண்டியது. அந்த அறிக்கைக்காகப் பதினைந்து ஆண்டுபோல் காத்துக்கிடந்து, நீதிமன்றப் படியும் ஏற வேண்டியிருந்தது. ஜெர்மனிக்காரர் பொருளைத்தான் கொண்டுபோனார். காலத்தையும் சேர்த்துப் பூட்டி வைக்கும் கலை அவருக்குத் தெரியவில்லை.

எட்டாம் நூற்றாண்டு தப்பாகவே இருக்கட்டும் ஐயா. அந்த 982 பக்கத்தை வந்தது வந்தபடி அச்சடித்து வெளியே விடுங்கள். படித்தவர்கள் நாலு பேர் பிரித்துப் போட்டு அடிக்கட்டும், அடி தாங்கினால் நிற்கட்டும். அமர்நாத்தின் பேனாவைப் பிடித்து நீங்கள் எழுத வேண்டாம்.