பேட்டரி நூற்பா: மூலமும் உரையும்

நூற்பா 1
எடுப்பதில் தேய்வது சிறிதே, எடுத்ததை
அடுத்தவர்க் காட்டலில் தேய்வது பெரிதே.

உரை: இஃது என் நுதலிற்றோ எனின், கேமரா பேட்டரியின் அற்பாயுளுக்குக் காரணம் உணர்த்துதல் நுதலிற்று. கல்யாண மண்டபத்தில் பேட்டரி மாண்டுபோவது போட்டோகிராபர் எடுத்த படங்களால் அன்று. எடுத்த மறுகணமே "எங்க தம்பி, காட்டு பாப்போம்" என்று அவர் தோளுக்குப் பின்னே முளைக்கும் சுற்றத்தாரால் என்க. சான்று என்னை எனின், கேனான் 5டி மார்க் 4 கேமராவுக்கு அந்நிறுவனமே தரும் கணக்கு: வ்யூஃபைண்டரில் கண் வைத்து எடுத்தால் ஒரு சார்ஜில் சுமார் 900 படம், பின்திரையைப் பார்த்து எடுத்தால் சுமார் 300. பேட்டரி ஒன்றே, மிச்சத்தைத் தின்றவை திரையும், அதற்கு ஓயாமல் காட்சி ஊட்டும் சென்சாரும்.

ஆகவே திரை வெளிச்சத்தைக் குறைத்தலும், எடுத்த படம் தானே தோன்றுவதை நிறுத்தலும், வைஃபை, ஜிபிஎஸ் இரண்டையும் அணைத்தலும் அறம். "ஆல்பத்துல பாத்துக்கலாம் மாமா" என்றல் தலையாய அறம்.

அற்றேல், 900 என்பது மெய்யோ எனின், அது சிபா என்னும் ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கம் வகுத்த சோதனை முறைப்படி வந்த எண். ஆங்கு வெப்பம் 23 டிகிரி. 30 நொடிக்கு ஒரு படம். அச்சோதனைக் கூடத்தில் மாமா இல்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

நூற்பா 2
முற்றும் வற்றவிடல் முறையன்று.

உரை: "சுத்தமா காலியானப்புறம்தான் சார்ஜ் போடணும்" என்பர் பழைய ஸ்டூடியோக்காரர். அது நிக்கல் கேட்மியம் காலத்து ஆசாரம். 1991-இல் சோனி லித்தியம் அயனி பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று கேமராவுக்குள் பெரும்பாலும் இருப்பது அவ்வினமே. அதற்கு அடிவரை வற்றுதலே ஊறு; இடையிடையே சார்ஜ் போடுவதால் ஊறில்லை.

நூற்பா 3
வெயிலிற் காக்க, குளிரினும் காக்க.

உரை: வெயிலில் நிறுத்திய காருக்குள் பேட்டரியை விட்டுவைப்பது அதன் கொள்ளளவைக் குறைக்கும். முழு சார்ஜோடு சூடும் சேர்ந்தால் கேடு இரட்டிக்கும். எனவே முகூர்த்தமில்லாத ஆடி மாதத்தில், ஏறத்தாழப் பாதி சார்ஜில், சூடில்லாத உலர்ந்த இடத்தில் அதை உறங்க வைக்க. குளிர் இத்தகைய பகையன்று, மயக்கும் தன்மையது. ஊட்டியில் விடியற்காலையில் கல்யாண ஜோடியைப் படமெடுக்கையில் பேட்டரி படுத்துவிடின், சட்டை உள்பையில் வைத்துச் சற்றே சூடேற்றுக, ஓரளவு மீளும்.

நூற்பா 4
இரண்டாம் பேட்டரி இருப்பின் நன்றே.

உரை: "இன்னொரு பேட்டரி வாங்கினால் தீர்ந்தது, மேற்சொன்ன மூன்று நூற்பாவும் வெற்றெனத் தொடுத்தல் அன்றோ?" எனின், அன்று. மாமாவின் ஆர்வம் பேட்டரிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வளரும் இயல்பினது. அன்றியும், சார்ஜ் இல்லாத இரண்டாம் பேட்டரி பைக்குப் பாரமே ஒழிய வேறில்லை.

இந்நூல் கற்றதன் பயன் யாதெனின், நாளை முகூர்த்தம் உள்ள வாசகர் இப்போதே எழுந்துபோய், சார்ஜரைச் செருகிய பிளக்கின் ஸ்விட்சைப் போட்டிருக்கிறோமா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வருதல்.