சக்கர நட்டு முறுக்கியல்: தங்காக் வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

துணிக்கடைகளுக்குப் பேர்போன ஊர் தங்காக். ரவிக்கைத் துணியில் அரை அங்குலம் குறைந்தாலும் கடை இரண்டுபட்டுப் போகும். அதே ஊர்ப் பட்டறையில், குடும்பத்தையே சுமக்கும் சக்கரத்தின் நட்டை எவ்வளவு முறுக்கினீர்கள் என்று கேளுங்கள். "நல்லா டைட்டா இருக்கு லா, தம்பி" என்பார் அண்ணன். இந்த 'நல்லா' எத்தனை நியூட்டன் மீட்டர் என்பதே நம் ஆய்வுச் சிக்கல்.

ஆய்வுப்பொருள், மெத்தையும் கேஸ் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் ஏற்றிக்கொண்டு குனோங் லேடாங் அடிவாரத்தில் வந்து நிற்கும் சின்ன வேன் வீடு. தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. அதாவது வாடகை தராமல் கூடவே வரும் ஒரு பெரிய மாமா.

அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் 14 மதங்களை எடுத்து மறுத்தார். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. பட்டறையில் மறுக்க வேண்டியவை இரண்டே.

முதலாவது மிதிவாதம். நட்டில் ஸ்பேனரை மாட்டி, அதன் நுனியில் ஏறி நிற்பது இதன் சாதனை. 80 கிலோ எடையுள்ள ஒருவர் 30 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் நின்றால் முறுக்குவிசை ஏறக்குறைய 235 நியூட்டன் மீட்டர். சின்ன வண்டிகள் பலவற்றுக்கு 100 சொச்சமே போதும். மிதிவாதிகளில் தீவிரப் பிரிவினர் ஸ்பேனரில் இரும்புக் குழாயையும் செருகிக்கொள்வர். நீளம் இரட்டித்தால் விசையும் இரட்டிக்கும் என்பதை ஆர்க்கிமிடீஸைப் படிக்காமலே கண்டவர்கள்.

இரண்டாவது டர்ர்வாதம். ஏர் கன்னை வைத்து "டர்ர்ர்" என்று சத்தம் வரும்வரை அழுத்துவது. எவ்வளவு ஏறியது என்பது கம்ப்ரஸருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். இதன் குற்றம் அன்றைக்குத் தெரியாது. மழையில், செம்பனைத் தோட்டத்து ஓரம், பஞ்சரான சக்கரத்தைக் கழற்ற வண்டியில் உள்ள குட்டி ஸ்பேனரோடு நிற்கும்போது தெரியும்.

இனி சுபக்கம், அதாவது நம் கொள்கை. சக்கரத்தைப் பிடித்து வைப்பது நட்டின் இறுக்கம் அல்ல, போல்ட்டின் இழுவிசை. முறுக்கும்போது போல்ட் மயிரிழை அளவு நீண்டு, பழைய நிலைக்குத் திரும்பத் துடிக்கிறது; அந்தத் துடிப்புதான் சக்கரத்தை ஹப்போடு நெரிக்கிறது. அளவு மீறி இழுத்தால் போல்ட் நிரந்தரமாக நீண்டு, பிடியை விட்டுவிடும். சமயத்தில் முறிந்தும் போகும். ஆக, மிதிவாதி இறுக்க முயன்று தளர்த்துகிறான். வினோதம் இதோடு நிற்கவில்லை. நாம் கொடுக்கும் விசையில் 10 சதவீதம் போலத்தான் போல்ட்டை இழுக்கிறது. மீதியெல்லாம் உராய்வுக்குக் காணிக்கை. அதனால்தான் மரையில் எண்ணெய் தடவும் நல்லெண்ணம் ஆபத்து: உராய்வு குறைய, அதே அளவு முறுக்கு போல்ட்டைக் கூடுதலாக இழுத்துவிடும். கையேடு சொன்னால் ஒழிய எண்ணெய் வேண்டாம்.

வரிசையும் முக்கியம். ஐந்து நட்டு என்றால் பக்கத்து நட்டுக்குப் போகாமல் ஒன்றுவிட்டு ஒன்று, நட்சத்திரம் வரைவதுபோல் போக வேண்டும். வட்டமாகவே போனால் சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து, நேராக உட்கார்ந்ததாக நடிக்கும். ஹப்பில் துருச் செதில் இருந்தால் கம்பி பிரஷால் தேய்த்தெடுக்க வேண்டும். செதில் பிறகு நசுங்கினால் அந்த இடைவெளி அளவுக்கு இழுவிசை போய்விடும். சக்கரம் தூக்கியிருக்கும்போது கையால் ஏற்றி, ஸ்பேனரால் லேசாக இறுக்கி, ஜாக்கை இறக்கி டயர் தரையில் ஊன்றிய பிறகே டார்க் ரெஞ்சு. அது 'க்ளிக்' என்றதும் நிறுத்த வேண்டும். ஆசைக்கு இன்னும் இரண்டு க்ளிக் போடுவோர் மிதிவாதத்திலிருந்து மதம் மாறியவர்கள். பழைய வாசனை போகவில்லை.

லேடாங் மலை இளவரசி மலாக்கா சுல்தானிடம் தங்கப் பாலமும் ஏழு தட்டு கொசு இதயமும் கேட்டதாகக் கதை. நட்டு அப்படியெல்லாம் கேட்பதில்லை. உங்கள் வண்டிக் கையேட்டில் உள்ள ஒரே ஓர் எண்ணைக் கேட்கிறது. வேறு ரிம் மாட்டியிருந்தால் அந்த எண்ணும், நட்டின் கூம்பு முகமும் அந்த ரிம்முக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

சக்கரம் மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி சரிபார்க்க வேண்டும். தங்காக்கிலிருந்து சிகாமட் சுமார் 50 கிலோமீட்டர். அங்கே தேநீருக்கு இறங்கும்போது, சக்கரம் ஆறட்டும் என்று இரண்டாவது குவளையும் வாங்கிக் குடியுங்கள். பிறகு ரெஞ்சை எடுங்கள்.