மாமனாரிடம் சொன்ன ‘செல்லம்’

பிரகாஷ்ராஜ் படங்களைப் பற்றி நான் சொன்ன அபிப்பிராயங்களில் ஒன்றுகூட இதுவரை உருப்படியாக வந்ததில்லை. ஒரே ஆளை இத்தனை வருஷம் பார்த்துவிட்டு ஒவ்வொரு தடவையும் தப்பாகவே சொல்வதற்கும் ஒரு திறமை வேண்டும். அதற்குத்தான் யாரும் அவார்டு கொடுப்பதில்லை.

எங்கள் கனகம்மாசத்திரம் சென்னை - திருப்பதி ரோட்டில், திருவள்ளூர் தாண்டி, திருத்தணிக்கு முன்னால் இருக்கிறது. பஸ்ஸில் கொஞ்சம் கண்ணசந்தால் போய்விடும். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். தமிழ்ப் படம் என்றால் திருத்தணி, தெலுங்குப் படம் என்றால் நகரி, புத்தூர் பக்கம். மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு பிரகாஷ்ராஜ் என்றால் எங்களுக்கு இரண்டு. தப்பு பண்ண டபுள் வசதி.

முதல் தப்பு 1995-இல். வஸந்த் எடுத்த ‘ஆசை’ வந்த நேரம். மனைவியின் தங்கை மேலேயே கண் வைக்கும் டில்லி மிலிட்டரி மேஜராக அவர் வந்து சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு என்னோடு பஸ் ஏறி வீடு வரை வந்துவிட்டது. அதே சமயம் எங்க அக்காவுக்கு ஒரு வரன். மாப்பிள்ளை மிலிட்டரி. “நைனா, இந்த சம்பந்தம் வேணாம். நீங்க அந்தப் படத்தைப் பாருங்க முதல்ல” என்று நடுக்கூடத்தில் நின்று சொன்னேன்.

நைனா பொறுமையாகக் கேட்டார். “அந்தப் படத்துல பொண்ணுக்கு உன்னை மாதிரி தம்பி எவனாவது இருந்தானா?” இல்லை என்றேன். “அதான் கதை நல்லா இருந்திருக்குது” என்று சொல்லிவிட்டுத் தாம்பூலம் மாற்றக் கிளம்பினார். பாவா தங்கமான மனுஷன். அவசரத்துக்குக் கைமாத்து கேட்டால் இன்றைக்கும் இல்லை என்று சொல்வதில்லை. அக்கா மட்டும் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது ‘ஆசை’ கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்வாள்.

அப்புறம் ‘இருவர்’, 1997. மணிரத்னம் படம். தமிழ்ச்செல்வனாக வந்து துணை நடிகருக்கான தேசிய விருதை வாங்கினார். டீக்கடையில் இரண்டு கட்சிக்காரர்களும் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, எங்க தலைவரைச் சரியாகக் காட்டவில்லை என்று ஒரே குரலில் சொன்னார்கள். அந்த பெஞ்சில் அவர்கள் ஒத்துப்போனதை நான் பார்த்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

எனக்கு அதைவிடப் பெரிய வியாதி பிடித்தது. தமிழ்ச்செல்வன் மாதிரி பேச வேண்டும் என்று காலேஜ் கவியரங்கத்தில் பெயர் கொடுத்தேன். தோளில் துண்டு, தலையில் எண்ணெய், குரலில் ஏற்ற இறக்கம், எல்லாம் இருந்தது. ‘தமிழ்’ என்று வாயெடுத்தபோதுதான் அந்த ‘ழ’ வராமல் போயிற்று. பெங்களூரில் பிறந்து கன்னட மேடையிலிருந்து வந்த மனுஷனுக்குத் தமிழ் வருகிறது. திருத்தணி முருகனுக்கு வருஷா வருஷம் காவடி எடுக்கிற எனக்கு வரவில்லை. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டு நாக்கு இன்னும் வழியில் வந்துகொண்டிருக்கிறது.

நான் ஊரிலேயே பெரிதாக அவமானப்பட்டது ‘கில்லி’ விஷயத்தில். 2003 சங்கராந்திக்கு வந்த ‘ஒக்கடு’வை ஆந்திரா பக்கம் போய் முதலிலேயே பார்த்திருந்தேன். மகேஷ்பாபு ஹீரோ, கர்நூல் ஓபுல் ரெட்டியாக பிரகாஷ்ராஜ். அடுத்த வருஷம் ஏப்ரலில் அதையே தரணி தமிழில் எடுத்து, விஜய் கபடி ஆட, ஓபுல் ரெட்டி மதுரை முத்துப்பாண்டி ஆனார். நான் திருத்தணி தியேட்டரில் உட்கார்ந்துகொண்டு, அடுத்து என்ன நடக்கும் என்று பக்கத்து சீட்டுக்கு ஓசியில் சொல்லிக்கொண்டிருந்தேன். இடைவேளையில் அந்த ஆள் எனக்கும் சேர்த்து ஒரு முறுக்கு பாக்கெட் வாங்கிவந்து, “வாய்ல போட்டுக்கோங்க சார்” என்றார்.

வெளியே வந்தும் விடவில்லை. ஓபுல் ரெட்டியில் இருந்த கெத்து முத்துப்பாண்டியில் இல்லை, ஒரிஜினல் ஒரிஜினல்தான் என்று டீக்கடையில் கட்சி கட்டினேன். எதிர்க்கட்சிக்கும் ஆள் சேர்ந்துவிட்டது. குரல் உயர்ந்து, கிளாஸ் ஒன்று உடைந்து, கைகலப்புக்கு இன்னும் ஒரு வார்த்தைதான் பாக்கி. கடைக்காரம்மா ஸ்டவ்வை சிம்மில் வைத்துவிட்டுக் கேட்டார்: “ரெண்டுலயும் ஒரே ஆளுதானே? அவரு ரெண்டு சம்பளம் வாங்கிட்டுப் போயிட்டாரு. கிளாஸுக்கு யாரு காசு குடுக்கறது?” நான்தான் கொடுத்தேன்.

இந்த வாக்குவாதத்தில் தோற்ற பிறகுதான் முத்துப்பாண்டி எனக்குப் பிடிக்க ஆரம்பித்தார். அந்த ‘செல்லம்’ அப்போது ஊரெல்லாம் ஒலித்தது. ஆடு மேய்க்கிற பையன் ஆட்டைக் கூப்பிடவும் அதைத்தான் உபயோகித்தான். எனக்கு அப்போது நிச்சயமாகி, கல்யாணத்துக்கு நாள் பார்த்திருந்தார்கள். எஸ்.டி.டி. பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பெண் வீட்டு நம்பரைப் போட்டேன். அந்த நேரத்தில் எப்போதும் அவள்தான் எடுப்பாள். ரிசீவர் எடுக்கிற சத்தம் கேட்டதும், தொண்டையைக் கரகரப்பாக்கி, முத்துப்பாண்டி மாடுலேஷனில், இழுத்து, ‘செல்லம்’ என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு இருமல். “செல்லம்மா ஊர்ல இல்லீங்க, பிரசவத்துக்குப் போயிருக்கு. நீங்க யாரு?” என்றார் என் வருங்கால மாமனார்.

செல்லம்மா அவர்கள் வீட்டு மாடு கறக்க வருகிற பெண் என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்கு நான் போனை வைத்துவிட்டேன். பூத்துக்காரர் ஒரு ரூபாய் இருபது பைசா கேட்டார்.

அதே 2004-இல் ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ வந்தது. அதில் கோபம் வரும்போதெல்லாம் சிரித்துச் சமாளிக்கிற டீன் அவர். எனக்கோ உரக்கடை வியாபாரம். கோபத்துக்குப் பஞ்சமே கிடையாது. டாக்டர் வேறு பிரஷர் என்றிருந்தார். சரி, நாமும் சிரிப்போம் என்று தீர்மானித்தேன். பழைய பாக்கியே தராத ஒரு அண்ணன் வந்து மறுபடி கடனுக்கு யூரியா கேட்டார். எனக்கு உச்சந்தலையில் ஏறியது. டீன் மாதிரி வயிறு குலுங்கச் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்தபடியே இரண்டு மூட்டையை டி.வி.எஸ். எக்ஸெல்லில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் கேட்டதற்கு, “நீங்கதான் சந்தோஷமா இருந்தீங்களே” என்றார்.

அப்பா வேஷத்துக்கு வருவோம். ‘பொம்மரில்லு’வில் பையனின் சட்டை முதல் சம்பந்தம் வரை தானே தேர்ந்தெடுக்கிற அப்பாவாக வருவார். அச்சு அசல் எங்க நைனா. இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினால் மனுஷன் திருந்திவிடுவார் என்று கணக்குப் போட்டேன். டி.வி.யில் வந்த அன்று, விளம்பரத்துக்குக்கூட எழுந்து போகவிடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து காட்டினேன். கடைசியில் சித்தார்த் மனசைக் கொட்டுகிற இடத்தில் நைனாவின் கண் கலங்கியது. ஆஹா, வேலை செய்கிறது என்று நினைத்தேன். நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “பாவம்ரா அந்த அப்பன். எவ்ளோ செஞ்சிருக்கான். நன்றி கெட்ட பய.”

மொழிதான் பிரச்சினையோ என்று ஒரு சந்தேகம். 2008-இல் அதே கதை தமிழில் ‘சந்தோஷ் சுப்பிரமணியம்’ என்று வந்தது. ஹீரோ ஜெயம் ரவி. அப்பா அதே பிரகாஷ்ராஜ். விடுவேனா? அழைத்துக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் நைனா ஒரே ஒரு கருத்துதான் சொன்னார். “தமிழ்லயும் அந்தப் பையன் திருந்தல.”

அதே வருஷக் கடைசியில் ‘அபியும் நானும்’. ராதாமோகன் படம், தயாரிப்பும் பிரகாஷ்ராஜே. மகளை விட்டுப் பிரிய முடியாத ஒரு அப்பாவின் கதை. நான் உருகிவிட்டேன். எங்க பெத்தம்மாவுக்கு மட்டும் சுத்தமாக ஒப்பவில்லை. காரணம், மகளாக வந்தது த்ரிஷா. “மதுரை கோயில் வாசல்லருந்து இந்தப் பொண்ணைத் தாலி கட்டறேன்னு தொரத்தினவன்தானே இவன்? இப்ப அப்பான்னு வந்து உட்காந்தா நம்பிடறதா?” என்றார். நாலு வருஷத்தில் அதே முகத்தை அப்பா என்று ஊரே நம்புகிறதே, அதுதானே பெத்தம்மா நடிப்பு என்று ஒரு லெக்சர் கொடுத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “உனுக்கு எதைச் சொன்னாலும் நம்புவே. யூரியா மூட்டையே அப்படித்தானே போச்சு” என்றார்.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ‘காஞ்சிவரம்’ விஷயத்தில்தான் எனக்கு உண்மையிலேயே வெட்கம்.

பிரியதர்ஷன் எடுத்த அந்தப் படத்துக்கு 2007-ஆம் வருஷத்துக்கான சிறந்த படம், சிறந்த நடிகர் என்று இரண்டு தேசிய விருதுகள். மகளுக்குப் பட்டுச் சேலை கட்டித்தான் கல்யாணம் பண்ணுவேன் என்று பெயர் வைக்கிற அன்றைக்கே வாக்குக் கொடுத்துவிட்டு, நெய்கிற இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டு நூலை வாயில் அடக்கித் திருடி வருகிற நெசவாளி வேங்கடம். விருதுச் செய்தியைப் படித்தபோது நான் படத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் கடையில் வருகிறவர்களிடமெல்லாம் “உலகத்தரம்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். டி.வி.டி. கிடைத்ததும், பொதட்டூர்பேட்டையில் தறி போட்டிருக்கிற சின்னாயனா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். நெசவாளிக்கு நெசவுப் படத்தை விளக்கிச் சொல்ல.

சின்னாயனா பாயில் உட்கார்ந்தார். நான் பின்னணி இசை, ஒளிப்பதிவு, மழை என்று வர்ணனை பண்ணிக்கொண்டே இருந்தேன். தறி வருகிற இடம் வந்ததும் அவர் கையைத் தூக்கினார். “நிறுத்து. திரும்பப் போடு.” போட்டேன். மறுபடியும் திரும்பப் போடச் சொன்னார். அவர் பிரகாஷ்ராஜ் முகத்தைப் பார்க்கவே இல்லை. கையையும் காலையும்தான் பார்த்தார். பாயில் மடங்கி இருந்த அவருடைய வலது கால் கட்டைவிரல், மிதியை மிதிக்கிற மாதிரி தானாக அழுந்தி எழுந்துகொண்டிருந்தது.

“எப்படி நடிச்சிருக்கார் பாத்தியா?” என்றேன். “அது இருக்கட்டும், பாவு இழை அறுந்தா முடி போடத் தெரியுமா அவருக்கு?” என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? “சரி, உனக்குத் தெரியுமா?” என்றார். அதுவும் தெரியாது. “பாவு எது, ஊடை எதுன்னாவது தெரியுமா?” நீளமாகப் போவது ஊடை என்றேன், தைரியமாக. உள்ளே தார் சுற்றிக்கொண்டிருந்த சின்னம்மா சிரித்த சிரிப்பில் ராட்டை நின்றுவிட்டது. நீளமாகப் போவது பாவு. நாடாவில் குறுக்கே ஓடுவதுதான் ஊடை. விளையாட்டுப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து அந்தத் தறிக்கடியில்தான் ஒளிந்து விளையாடியிருக்கிறேன்.

கடைசியில் மகள் மேல் அந்த அரைகுறைப் பட்டைப் போர்த்துகிற இடத்தில் சின்னாயனா எழுந்து வெளியே போய்விட்டார். படத்தைப் பற்றி அவர் நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. சாப்பிடும்போது, அந்தக் காலத்தில் தனக்குத் தெரிந்த ஒருவர் இடுப்பில் நூல் வைத்து மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். அவர் பேரை மட்டும் சொல்லவில்லை. மூன்று தறி ஓடுகிற வீட்டில் அவர்கள் பெண் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுச் சேலை எங்கே வாங்கியது என்று கேட்க வாய் வந்தது. அன்றைக்கு ஒருநாள் மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.

2024 ஏப்ரலில் ‘கில்லி’யை மறுபடி ரிலீஸ் பண்ணினார்கள். என் மகளோடு போனேன். முத்துப்பாண்டி வருகிறபோது, படம் வந்தபோது பிறக்கவே பிறக்காத பிள்ளைகள் எல்லாம் ஹீரோவுக்குச் சமமாக விசில் அடித்தார்கள். எனக்கும் ரத்தம் சூடாகி, எழுந்து கை தட்டினேன். பின்வரிசையிலிருந்து, “அங்கிள், மறைக்குது” என்று குரல் வந்தது. திரும்பி வரும்போது மகள் கேட்டாள்: “நீங்க ‘அபியும் நானும்’ அப்பாவா, ‘கில்லி’ அப்பாவா?” கில்லியில் அவர் அப்பா இல்லையேம்மா என்றேன். “தெரியும். அதனாலதான் கேக்கறேன்” என்றாள். காலேஜுக்கு ஹாஸ்டலில் சேரட்டுமா என்று அவள் கேட்டு, நான் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்த சமயம் அது.

எங்க ஊரில் பிரகாஷ்ராஜ் பற்றி உருப்படியான அபிப்பிராயம் வேண்டுமென்றால் பெத்தம்மாவைக் கேட்கலாம், சின்னாயனாவைக் கேட்கலாம், அந்த டீக்கடைக்காரம்மாவைக் கேட்கலாம். நைனாவைக்கூடக் கேட்கலாம், தப்பாக இருந்தாலும் அவர் கருத்து அவருடையது. நான் மட்டும்தான் அவார்டு பார்த்து, அடுத்தவர் சொன்னதைக் கேட்டு, படம் பார்ப்பதற்கு முன்னாடியே கருத்தோடு தியேட்டருக்குப் போகிறவன்.

அதற்கு சாட்சி ‘அப்பு’. 2000-இல் வந்த படம். பிரசாந்த், தேவயானி நடிக்க, மகாராணி என்கிற திருநங்கை வேஷத்தில் பிரகாஷ்ராஜ். அவர் நடித்ததிலேயே மிரட்டலான வேஷம் அதுதான் என்று இருபது வருஷத்துக்கு மேலாகப் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிவருகிறேன். எத்தனையோ பேரை அதைப் பார்க்க வைத்தும் இருக்கிறேன். நான் இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டேன்; பயந்துவிட்டேன் என்று வெளியே சொல்லாமல் கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். மேட்னி ஷோவுக்குக் கடைசி பஸ் எப்படிப் போகும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. உங்களில் யாராவது அந்தப் படத்தை முழுசாகப் பார்த்திருந்தால், இடைவேளைக்கு அப்புறம் அந்த மகாராணிக்கு என்ன ஆச்சு என்று கொஞ்சம் சொல்லுங்கள். எங்க ஊர்க்காரர்கள் எதிரில் வேண்டாம்.