வெளியூர் கோல்

வாழப்பாடியில் நள்ளிரவு தாண்டி ஒரு வீட்டில் டிவி ஓடினால், யாருக்கோ தூக்கம் வராத வியாதி, இல்லாவிட்டால் ஐபிஎல் இழுத்துக்கொண்டு போகிறது என்று தெரு நினைக்கும். கால்பந்து என்றால் வியாதியே பரவாயில்லை என்பார்கள்.

2019 ஏப்ரல் 18. விடிந்தால் நாடாளுமன்றத் தேர்தல் ஓட்டுப்பதிவு. பூத் ஏஜென்ட்டான எங்கள் சித்தப்பா, வாக்காளர் பட்டியலில் இறந்தவர்களைச் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டிருந்தார். நான் சத்தத்தைக் குறைத்து, மான்செஸ்டர் சிட்டி - டாட்டன்ஹாம் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் இருந்தேன். 21 நிமிடத்துக்குள் 5 கோல். சிவப்புப் பேனா நின்றுவிட்டது.

ஆட்டம் முடியும் தறுவாயில் கேட்டார்: "யாருடா முன்னிலை?"

"இன்னிக்கு சிட்டி 4-3ங்க சித்தப்பா. போன வாரம் டாட்டன்ஹாம் 1-0. மொத்தத்துல 4-4."

"சமம்னா குலுக்கல்தானே?"

"இல்லீங்க. வெளியூர்ல யாரு அதிகமா கோல் போட்டாங்களோ அவங்க. இன்னிக்கு வெளியூர்க்காரன் டாட்டன்ஹாம்."

பட்டியலைக் கீழே வைத்தார். "இதத்தாண்டா கட்சிக் கூட்டத்துல கத்திக்கிட்டிருக்கேன்! சொந்தக்காரன் தெருவுல வாங்குறது ஓட்டா? எதிராளி தெருவுல அம்பது வாங்கிட்டு வா, அப்புறம் பேசு." (எங்கள் தெருவிலேயே அவர் கட்சிக்கு ஓட்டு விழுவதில்லை, அது வேறு கதை.)

93ஆவது நிமிடம் சிட்டியின் ஸ்டெர்லிங் கோல் போட்டார். பயிற்சியாளர் கார்டியோலா எகிறிக் குதித்தார். அந்த சீசனின் நாக்அவுட் சுற்றில்தான் வீடியோ நடுவர் முறை புதிதாக வந்திருந்தது. பார்த்தார்கள்; அகுவேரோ ஆஃப்சைடு. கோல் செல்லாது; டாட்டன்ஹாம் அரையிறுதிக்கு. கார்டியோலா மண்டியிட்டுச் சரிந்தார்.

"நம்ம ஓட்டு மெஷின் பக்கத்துல இருக்குற சீட்டுப் பொட்டி, யாருக்குப் போட்டோம்னு ஏழே செகண்டுல காட்டி முடிச்சிடும். இவனுங்களுக்கு இவ்வளவு நேரமா?" என்றார் சித்தப்பா.

அன்று பூத்தில் அவர் உட்கார்ந்தபடியே தூங்கினார் என்பது எதிர்க்கட்சி ஏஜென்ட்டின் குற்றச்சாட்டு.

ஓட்டு எண்ணிக்கை மே 23 வரை இல்லை. வேலையில்லாத பூத் ஏஜென்ட் என்ன செய்வார்? டாட்டன்ஹாமில் சேர்ந்துவிட்டார். அரையிறுதியில் ஆம்ஸ்டர்டாமில் அயாக்ஸ் 2-0 என்றிருக்க, டாட்டன்ஹாமின் லூகாஸ் மௌரா தனியாளாக 3 கோல் அடித்தார்; கடைசியது 96ஆவது நிமிடம். முதல் ஆட்டத்தையும் சேர்த்து மொத்தம் 3-3, மறுபடியும் வெளியூர் கோல்! சித்தப்பா போட்ட சத்தத்தில் சித்தி திருடன் என்று எழுந்து வந்தார்.

மாட்ரிட் இறுதிப் போட்டிக்கு மட்டும் அவர் வரவில்லை. "ரெண்டு பேருக்குமே அசலூர்னா அதுல என்னடா கணக்கு?" என்று படுத்துவிட்டார். பிழைத்தார். ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடத்துக்குள் சலா பெனால்டி, கடைசியில் ஒரிகி, லிவர்பூல் 2-0. நடுவில் கொட்டாவி.

2021இல் ஐரோப்பியக் கால்பந்து சங்கம் அந்த வெளியூர் விதியையே தூக்கிவிட்டது. சேதியைச் சொன்னேன்.

"எந்தத் தெருக்காரன் மனு குடுத்தான்?" என்றார்.