பிராணாவஸ்தை

பிராயம் முதிர்ந்த மடிக்கணினி ஒன்று மின்சாரக் கோளாறால் கண் திறக்க மறுக்குமானால், அதற்கு யோசனை சொல்ல வருகிறவர்களின் கூட்டம், மனிதனுக்கு வரும் எந்த வியாதிக்கும் கூடுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர், அவருடைய காலேஜ் புதல்வன், கேபிள் டி.வி. பணம் வாங்க வந்தவர் உட்பட சகலரும், ‘மதர்போர்டு போயிடுச்சு’ என்று தீர்ப்பு வழங்கிவிட்டே காபி டம்ளரைக் கையில் வாங்குகிறார்கள். மதர்போர்டு என்று முதலில் உச்சரிக்கிறவர், அந்த வஸ்துவை ஜன்மத்தில் கண்ணால் கண்டிராதவராகவே இருப்பார் என்பது என் துணிபு.

என் கணினியின் உபாதை விசித்திரமானது. வயரைச் சொருகினால் ஓடும். ஆனால் பாட்டரியில் ஒரு சொட்டும் ஏறாது. ஓடுகிற ஓட்டமும், ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு அது திரையில் பிரசன்னமாவதற்குள் வெற்றிலை மடித்துவிடலாம் என்கிற அளவுக்கு மந்தம். பாட்டரியைக் கழற்றி, வயரையும் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்கும் பிரயோகத்தையும் செய்து பார்த்தாயிற்று. மந்திரவாதம் போலத் தோன்றினாலும், உள்ளே கபாசிட்டர்களில் தங்கிய மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுகிற நியாயமான காரியம்தான் அது. பல யந்திரங்கள் அதனாலேயே பிழைத்ததுண்டு. என்னுடையது மசியவில்லை. பக்கத்து வீட்டுப் புதல்வன் மல்டிமீட்டர் கொண்டுவந்து அடாப்டரைச் சோதித்தான். அது பத்தொன்பதரை வோல்ட் என்று சத்தியம் செய்தது. ஆகவே அடாப்டர் நிரபராதி என்று விடுதலையாகி, பழி மீண்டும் மதர்போர்டின் தலையில் விழுந்தது.

ரிச்சி தெருவில், மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருந்த மெக்கானிக், கணினியைத் திறக்கவே இல்லை. அடாப்டர் வயரின் நுனியைக் கையில் எடுத்து, பின்னுக்குச் சற்று மேலே, வயர் வளைந்து வளைந்து வெளுத்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் இப்படியும் அப்படியுமாக மடக்கினார். சார்ஜ் விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. “போர்டு தங்கம் சார். வயருதான் கழுத்துல கட்டாயிருக்கு” என்றார்.

விஷயம் இதுதான். சில கம்பெனிகளின் அடாப்டர் முனைக்குள் ஊசி போல் மெல்லிய பின் ஒன்று நடுநாயகமாக நிற்கும். மின்சாரம் சுற்றியுள்ள குழாய் வழியாகவே போய்விடுகிறது. ஊசியின் உத்தியோகம், ‘நான் 65 வாட்’, ‘நான் 90 வாட்’ என்று தன்னை அறிமுகம் செய்துகொள்வது மட்டுமே. சம்பந்தம் பேச வந்தவரிடம் குலம் கோத்திரம் விசாரிக்கிற பெரியவரைப் போல, கணினி இந்தப் பதிலுக்குக் காத்திருக்கிறது. பதில் வராவிட்டால், மரியாதைக்குப் பிழைத்துப் போகட்டும் என்று மின்சாரத்தை மட்டும் ஏற்றுக்கொண்டு, பாட்டரிக்குக் கொடுக்க மறுத்து, தன் வேகத்தையும் குறைத்துக்கொள்கிறது. மல்டிமீட்டர் சொன்னது பொய்யல்ல. அதனிடம் யாரும் கோத்திரம் கேட்கவில்லை.

புது அடாப்டர் வந்தது, பாட்டரி ஏறியது, அதன் யோக்கியதையும் வெளிப்பட்டது. அந்த டப்பாவுக்குள் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஆறு செல்கள், இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து, மூன்று ஜோடிகள் வரிசையில் நிற்கின்றன. ஒரு ஜோடி தளர்ந்து அதன் வோல்டேஜ் விழுந்தால், மற்ற இரண்டும் திடகாத்திரமாக இருந்தாலும் பாதுகாப்புச் சர்க்யூட் அனைத்தையும் நிறுத்திவிடும். திரையில் 38 சதவிகிதம் என்று பிரகாசித்துக்கொண்டிருந்த கணினி, வாக்கியத்தின் நடுவில் விடைபெறாமலே இருண்டுபோவதன் ரகசியம் இதுவே. இந்த லித்தியம் அயான் பாட்டரியின் கர்த்தாக்கள் மூவருக்கு 2019-இல் ரசாயன நோபல் பரிசு கிடைத்தபோது, அவர்களில் ஒருவரான குடினஃப் 97 வயதிலும் தளராமல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார் என்பதை எண்ணுகையில், சிருஷ்டித்தவரின் தேக வாகு சிருஷ்டிக்கு வாய்க்கவில்லையே என்று ஆற்றாமை உண்டாகிறது.

புதுப் பாட்டரியின் விலையைக் கேட்டு, பழையதைக் கழற்றிவிட்டு, வயரிலேயே ஓட்டுவதென்று தீர்மானித்தேன். தோதான பிளக் பாயிண்ட் சாப்பாட்டு அறையில்தான் இருக்கிறது; அதற்கு மிக்ஸி என்றொரு பூர்வ பாத்தியதைக்காரரும் உண்டு. சட்னி அரைபடும் வேளையில் நான் இலக்கிய சேவை செய்வதில்லை என்று வீட்டில் உடன்படிக்கை ஆகியிருக்கிறது.