ஒன்றும் தேடாததுபோல் நிற்றல்: எப்பிங் காட்டை முன்வைத்து

எதையோ தேடிக்கொண்டிருப்பவர், ஆள் வரும் அரவம் கேட்டதும் எதையுமே தேடாதவர்போல் நிற்பது பற்றித் தமிழில் முறையான நூல் எதுவும் இல்லை. இருந்தால் நான் படிக்கவில்லை. படிக்காததை இல்லாதது என்று எழுதுவது நம் ஆய்வுலகம் ஏற்றுக்கொண்ட நெறியே என்பதால் மேலே செல்லலாம்.

ஆய்வுக்குக் காரணம் ஜியோகேச்சிங் என்னும் விளையாட்டு. ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அதன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனும் கையுமாகப் போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் கையெழுத்திட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு கிடையாது.

தோற்றக் காலம் 2000 மே. ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு மே 2 அன்று நிறுத்தியது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலம் பீவர்கிரீக் அருகே ஒரு கறுப்பு வாளியை ஒளித்துவைத்தார்; உள்ளே புத்தகம், வீடியோ, ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். ஆங்கிலேயர் இதை ஒப்புக்கொள்வதில்லை. 1854இல் டார்ட்மூரின் கிரான்மியர் குளத்தருகே ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி வைத்த பாட்டிலே ஆதி டப்பா என்பார்கள். குமரிக்கண்டத்தில் இதற்கும் முந்தைய டப்பா இருந்ததாக நம்மவர் யாரும் இன்னும் எழுதாததுதான் வியப்பு. சான்று கடலுக்கடியில் கிடப்பதால் மறுக்கவும் ஆளிருக்காது.

களம், லண்டனின் வடகிழக்கில் சுமார் 2,400 ஹெக்டேரில் கிடக்கும் எப்பிங் காடு. 1878ஆம் ஆண்டுச் சட்டம் இதை வேலி போட்டு வளைப்பவர்களிடமிருந்து மீட்டுப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அதுவரை ஊரார் விறகுக்காக, மாடு எட்டாத உயரத்தில் மரங்களை வெட்டிவந்தார்கள்; சட்டத்தோடு அந்த உரிமையும் போயிற்று. அன்று வெட்டுப்பட்ட ஹார்ன்பீம் மரங்கள் இன்று பல கைகளோடு பெருத்து, பொந்தும் முடிச்சுமாக நிற்கின்றன. எல்லாப் பொந்திலும் டப்பா இருக்கலாம். இருப்பது ஒன்றில்தான்.

நால்வர் சென்றோம். இலைகளிலும் கிளைகளிலும் பட்டுச் சிக்னல் சிதறுவதால் பாடபேதங்கள் தோன்றின. ஒரு போன் 4 மீட்டர் என்றது, மற்றொன்று 11 என்றது, மூன்றாவதின் அம்பு எங்கள் காரை நோக்கியது. 4 மீட்டரே மூலபாடம் எனத் தோழி நிறுவினார் (தோழி, வாய்மொழி, ஒரு கால் சேற்றில் புதைந்த நிலையில்). அடுத்து, டப்பாவை வைத்தவர் தந்த துப்பு. இத்தகைய துப்புகளை ஒவ்வோர் எழுத்தையும் 13 இடம் தள்ளி மறைத்து எழுதுவது வழக்கம். பாடுபட்டு அவிழ்த்ததில் கிடைத்தது: “மரத்தடியில்.” எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ மாட்டும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் உடனிருந்தால் இதைக் கார் நிறுத்துமிடத்து அறிவிப்புப் பலகையோடு மாட்டிப் பொருள் கண்டிருப்பார். எங்களுக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

இனி நிற்றல். விளையாட்டை அறியாத வழிப்போக்கரை ஹாரி பாட்டர் கதையிலிருந்து எடுத்த ‘மகிள்’ என்ற பெயரால் குறிப்பர். மகிள் முன் டப்பாவைக் காட்டிக்கொடுக்கலாகாது. ஆகவே நிற்றல் நான்கு வகைப்படும்.

ஷூ நாடா கட்டி நிற்றல்: ஒருவர் செய்யலாம், நால்வர் ஒரே சமயத்தில் செய்யலாகாது.

போன் பேசி நிற்றல்: காதில் வைத்த போனில் அம்பு தெரியாது.

மரத்தை ரசித்து நிற்றல்: இதில் கையைப் பின்னால் கட்டுவோர், அடிமரத்தில் கை வைப்போர் என இரு பள்ளிகள் உண்டு. ஒரே ஹார்ன்பீமை மூன்று நிமிடத்துக்குமேல் ரசிக்க மனிதனால் இயலாது (நண்பர், சாண்ட்விச் சுற்றிய காகிதத்தின் உட்புறம், வெண்ணெய் படாத பகுதி). அவரே பிறகு இரண்டு நிமிடம் எனத் திருத்தினார் (அதே காகிதம், வெண்ணெய் பட்ட பகுதி, சிதைந்த வரிகளை இக்கட்டுரையாளர் ஊகத்தால் நிரப்பினார், நிரப்பிய வரிகளே சிறந்தவை என்பது அவருடைய துணிபு).

நான்காவது, காரணம் சொல்லி நிற்றல். இதற்குத்தான் தனி நூல் வேண்டும்.

“மச்சான், நாய் வருது” என்றார் நண்பர். தமிழில் கத்தியே எச்சரிக்கலாம் என்பது எப்பிங்கில் நமக்குள்ள வசதி. நாய்க்குப் பின்னால் ஒரு வயதான தம்பதி. நாங்கள் மரத்தை ரசித்தோம். இரண்டு நிமிடம் முடிந்தது. அந்த அம்மாள் நின்று, “ஏதாவது தொலைச்சிட்டீங்களா?” என்று கேட்டார்.

“சாவி” என்றார் தோழி.

பொய்யின் தரம் அதன் சுருக்கத்தில் இருக்கிறது என்பது வரை சரி. ஆனால் சாவி என்பது பிறரையும் குனிய வைக்கும் பொய். பெரியவர் கைத்தடியால் சருகைக் கிளறத் தொடங்கினார். “கார் சாவியா, வீட்டுச் சாவியா?” என்றார். “கார்” என்று நானும் “வீடு” என்று நண்பரும் ஒரே குரலில் சொன்னோம். அவர் இரண்டையும் தேடினார். நாய் வேர்களை மோந்தது. தேடாததுபோல் நடித்த நால்வரும் இப்போது வேறொன்றைத் தேடுவதுபோல் நடிக்க வேண்டியதாயிற்று. இந்த உட்பிரிவுக்கு இலக்கணத்தில் இன்னும் சூத்திரம் இல்லை.

அம்மாள்தான் கண்டெடுத்தார். வேரிடுக்கிலிருந்து 35 மி.மீ. பிலிம் சுருள் வரும் கறுப்பு டப்பியை எடுத்து, “பாருங்க, எங்கே போனாலும் குப்பை” என்று கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வேறு வழியில்லை, தோழி உண்மையைச் சொன்னார். விண்ணிலிருந்து தொடங்கினார்; செயற்கைக்கோள், அட்சரேகை, எழுத்து தள்ளிய துப்பு. அம்மாள் பொறுமையாகக் கேட்டு டப்பியைத் திறந்தார். உள்ளே ஈரம் பட்டுத் தடித்த ஒரு சுருள் தாள்.

“இதில் என்ன இருக்கு?”

“முன்னாடி கண்டுபிடிச்சவங்க பேர்.”

“நீங்க என்ன செய்வீங்க?”

“எங்க பேரை எழுதுவோம்.”

எங்கள் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுகளில்கூட யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. அவரே கைப்பையிலிருந்து பேனாவைக் கொடுத்தார். எழுதினோம். தாளைச் சுருட்டி மூடி, வேரிடுக்கில் திருப்பி வைத்தாயிற்று. அப்போதுதான் பெரியவரைக் காணோம் என்பது தெரிந்தது. இத்தனையும் காதில் விழாமல் நாலைந்து மரம் தள்ளி இன்னும் கிளறிக்கொண்டிருந்தார். கூப்பிட்டதும் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, துருப்பிடித்த சாவி ஒன்றைத் தோழியின் கையில் வைத்தார்.

தோழி நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். அது எந்தப் பூட்டுக்குரியது என்பது மேலாய்வுக்குரியது.