பட்டினி ஒரு தகுதி

எழுபதுகளில், திருச்சியில், எங்கள் கூட்டத்துக்கு ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தன்’ கிட்டத்தட்ட சாமி புத்தகம். மொழிபெயர்த்தவர் திருலோக சீதாராம். நூலகத்தின் ஒரே பிரதி மூக்குப்பொடிக் கறையோடு கைமாறிக்கொண்டே இருக்கும். நாயகன் புத்தர் அல்ல, அதே பெயருள்ள பிராமணப் பையன். கௌதமரையே நேரில் பார்த்து, கும்பிட்டுவிட்டு, சீடனாகாமல் தன் வழியே போகிறவன். அந்தத் திமிர் எங்களுக்குப் பிடித்துப்போயிற்று. அவனுக்கு ஓடும் ஆறே குரு என்பதால் நாங்களும் அம்மா மண்டபம் படிக்கட்டில் போய் உட்கார்ந்தோம். கோடை, காவிரியில் மணல்தான் கிடந்தது. அப்பா காதுக்கு எட்டியதும் ஒரே கேள்வி: “சாமியாராப் போறியா, பேங்க் பரீட்சை எழுதுறியா?”

எழுதினேன்.

ஹெஸ்ஸே இமயமலையில் தவமிருந்தவர் என்று சத்தியம் செய்த நண்பன்கூட உண்டு. மனிதர் 1911இல் கப்பலேறி சிங்கப்பூர், சுமத்ரா, இலங்கை வரை வந்தார். வயிறு கெட்டது. தாத்தா குண்டர்ட் மலையாள அகராதி தொகுத்த, அம்மா பிறந்த தலச்சேரியைப் பார்க்காமலே ஊர் திரும்பினார். பயணக் கட்டுரைத் தொகுப்புக்கு வைத்த பெயர் மட்டும் ‘இந்தியாவிலிருந்து’! ஆனாலும் ஆளிடம் ஒரு நேர்மை. ‘சித்தார்த்தன்’ நாவலில் தவசியை எழுதிவிட்டவருக்கு ஞானியை எழுத வரவில்லை. நாவலைப் பாதியில் போட்டுவிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் சும்மா இருந்தார். நடுவில் உளவியலாளர் யுங்கிடம் மனப்பகுப்பாய்வுக்குப் போனார். 1922இல்தான் புத்தகம் வந்தது.

இப்போது அது பவர்பாயிண்டில் வருகிறது. ஏதோ தலைமைப் பயிற்சியாம், அண்ணன் மகன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். வியாபாரியிடம் வேலைக்குப் போகும் சித்தார்த்தன் தனக்குத் தெரிந்ததாகச் சொல்வது யோசிக்க, காத்திருக்க, பட்டினி கிடக்க. மூன்றுக்கும் மூன்று ஸ்லைடு. பட்டினிக்குக் கீழே பதினாறு மணி நேர டயட் அட்டவணை.

“மகன் ஓடிப்போறது எங்கடா வருது?” என்றேன்.

என்னைக் கேட்டால் நாவலே அங்கேதான் இருக்கிறது. கடைசியில் படகோட்டியாகி இத்தனை ஞானம் சேர்த்தவன் பெற்ற பிள்ளையிடம் தோற்கிறான். பையன் படகுக்கூலிக் காசைக் கூடையோடு தூக்கிக்கொண்டு, படகை அக்கரையில் விட்டுவிட்டு ஓடுகிறான். துடுப்பையும் காணோம். அப்பன் காடெல்லாம் பின்னால் ஓடி, பையனின் அம்மா கமலாவின் பழைய தோட்ட வாசலில் புழுதியில் உட்கார்ந்துவிடுகிறான்.

அண்ணன் மகன் ஸ்லைடுகளை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான்.

“இதுல இல்ல சித்தப்பா. விட்டுட்டுப் போறவங்களுக்கு அட்ரிஷன்னு தனி செஷன். நாளைக்கு, லஞ்சுக்கு அப்புறம்.”